பலகையைத் துடைத்தால் போதாது: அலுவலக வைஃபை குறித்து நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பிரிவுபசார விழாப் படம் எங்கெல்லாம் சுற்றியது என்பது தங்களுக்கே தெரியும். கேக்குக்குப் பின்னால், வெண்பலகையில், வைஃபை பாஸ்வேர்டு பளிச்சென்று இருக்கிறது. படத்தை நீக்கச் சொன்னீர்கள், நீக்கியாயிற்று. பலகையையும் துடைத்தாயிற்று. பாஸ்வேர்டு மட்டும் இன்னும் அதேதான்.

ஏன் மாற்றவில்லை என்று கேட்பீர்கள். அந்த ஒரே பாஸ்வேர்டுதான் எல்லா லேப்டாப்பிலும், போனிலும், வருகைப்பதிவு இயந்திரத்திலும், பிரின்டர்களிலும் இருக்கிறது. பிரின்டரில் கீபோர்டு கிடையாது. இரண்டு வரித் திரையும் அம்புக்குறிப் பொத்தான்களும்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் வரிசையை உருட்டிக்கொண்டே போக வேண்டும். 20 எழுத்தில் ஒன்று பிசகினாலும் எது பிசகு என்று அது சொல்லாது. 'இணைப்பு இல்லை' என்று மட்டும் காட்டும். மறுபடி முதலிலிருந்து. அதற்குள் கணக்குப் பிரிவு பில்லுடன் வந்து நிற்கும். ஆகவே வேலை 'அடுத்த வாரம்' ஆகிறது. அதுவரை, விடைபெற்றுப் போனவரின் போன் தெருவில் நின்றாலே நம் வலையமைப்பில் தானாகச் சேர்ந்துகொள்கிறது. அவர் நல்லவர்தான், போனுக்கு அது பழக்கம்.

நம் வைஃபையின் பூட்டு முறையான டபிள்யூபிஏ2-வில் பொதுப் பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர், இன்னொருவரின் லேப்டாப் இணையும்போது பரிமாறப்படும் தகவலைப் பிடித்துவிட்டால், அந்த இணைப்பைப் பூட்டும் சாவியைக் கணக்கிட்டு, போய்வருவதைப் படித்துவிடலாம். பாஸ்வேர்டு தெரியாதவரும் அதே தகவலை வீட்டுக்குக் கொண்டுபோய், சாவகாசமாக ஊகித்துப் பார்க்கலாம். எத்தனை முறை தவறினாலும் நமக்குத் தெரியவராது.

எனவே கேட்பது ஒன்றுதான்: பொதுப் பாஸ்வேர்டை ஒழித்து, ஒவ்வொருவரும் தம் சொந்தக் கணக்கில் நுழையும் 802.1எக்ஸ் முறைக்கு அனுமதி தாருங்கள். நம்மிடம் உள்ள ஆக்சஸ் பாயின்ட்கள், அதாவது வைஃபை தரும் பெட்டிகள், இதை ஏற்கும். கணக்குகளைச் சரிபார்க்கும் ஃப்ரீரேடியஸ் மென்பொருள் இலவசம். அதை ஓட்ட சர்வர் மட்டும் இரண்டு வேண்டும். ஒன்றே இருந்து அது படுத்துவிட்டால் யாரும் உள்ளே வர முடியாது. ஒருவர் விலகினால் கணக்கை முடக்கி, நடப்பில் உள்ள இணைப்பையும் துண்டித்தால் முடிந்தது. லேப்டாப் அமைப்பை நாங்களே ஏற்றித் தருவோம். ஏனெனில், சர்வர் நம்முடையதுதான் என்று காட்டும் சான்றிதழைச் சரிபார்க்காமல் கண்ட இடத்தில் 'சரி' அழுத்தினால், நம் பெயரில் போலி வைஃபை வைப்பவரிடம் நுழைவு விவரங்கள் சிக்கும். 802.1எக்ஸ் தெரியாத பிரின்டர்களுக்குத் தனி விலான் (பிரித்துவைத்த வலையமைப்புப் பகுதி), தனிப் பாஸ்வேர்டு. விருந்தினருக்கு இணையம் மட்டும். அங்கே ஒரு விருந்தினரின் கருவி இன்னொருவருக்குத் தெரியாது.

'வைஃபை பெயரை மறைத்துவிட்டால் போதுமே' என்றொரு யோசனை மேலிருந்து வந்தது. மறைத்தால், நம் லேப்டாப்களே போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைக் கூவிக்கொண்டு தேடும். மேக் முகவரி, அதாவது ஒவ்வொரு கருவியின் அடையாள எண், பட்டியலில் இருந்தால்தான் அனுமதி என்பதும் அப்படியே: முகவரி காற்றில் பூட்டில்லாமல் போகிறது, நகலெடுப்பது எளிது. இப்போதைய போன்கள் முகவரியை மாற்றிக்கொள்வதால், தடுக்கப்படுவது நம் ஆட்கள்தான். இவ்வளவு அக்கறைக்கு நடுவில், உயரதிகாரி ஒருவரின் மேசைக்கடியில் சொந்த ரவுட்டர் ஒன்று, டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டுக்குப் பதில் பின் எண்ணாலும் இணைக்கும் வசதி) விளக்குடன் மினுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த 8 இலக்கப் பின் எண்ணை இரண்டு பாதியாகச் சோதிப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் உடைக்கலாம் என்பது 2011-லேயே வெளிவந்த சேதி. எந்த அறை என்று நாங்கள் சொல்லவில்லை.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டோம். தனிக் கணக்கு முறைக்கு ஒப்புதல், இரண்டு சர்வர், ஒரு விடுமுறை நாள்: தயவுகூர்ந்து இவற்றைத் தாருங்கள். அதுவரைக்கும் பழைய பாஸ்வேர்டை விட்டுவைக்க முடியாது. இன்று மாலை 6 மணிக்கு மாற்றுகிறோம். பில்களை அதற்குள் அச்சிட்டுக்கொள்ளும்படி கணக்குப் பிரிவுக்குத் தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் உதவியாக இருக்கும்.

பணிவுடன்,
வலையமைப்புப் பராமரிப்புக் குழு