‘போராக்ஸ் இல்லாதது’ என்ற வரியை எங்கள் ஸ்லைம் பெட்டியிலிருந்து ஏன் எடுத்துவிட்டோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அண்மையில் எங்கள் ஸ்லைம் (பிள்ளைகள் இழுத்துப் பிசைந்து விளையாடும் வழவழப்பான பொருள்) செய்யும் பெட்டியை வாங்கியவர்கள் கவனித்திருப்பீர்கள், மூடியின் ஓரத்தில் பச்சை எழுத்தில் இருந்த ‘போராக்ஸ் இல்லாதது’ என்ற வரியைக் காணோம். “அப்படியென்றால் இப்போது போராக்ஸ் போட ஆரம்பித்துவிட்டீர்களா?” என்று கேட்டுப் பலர் எழுதிவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதிப் பார்த்தோம். ஒரே கதையை வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பது தெரிந்ததும், எல்லாருக்கும் சேர்த்து ஒரு மடலாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

பெட்டிக்குள் இருக்கும் சரக்கு மாறவில்லை. அந்த வரிதான் முதலிலிருந்தே சரியில்லை.

எங்களுக்கு அது உறைத்தது ஒரு தொலைபேசி அழைப்பில். ஒரு அம்மா பேசினார். எட்டு வயதுப் பையன், ஒரு வாரமாகப் பள்ளி விட்டு வந்ததும் ஸ்லைமும் கையுமாக இருந்திருக்கிறான். விரல் நுனியெல்லாம் சிவந்து தோல் உரிய ஆரம்பித்திருக்கிறது. “போராக்ஸ் இல்லைன்னு போட்டிருந்ததாலதான் வாங்கினேன். அந்தச் சின்ன பாட்டில்ல என்னதான் இருக்கு?” என்று கேட்டார். பசையை ஸ்லைமாகத் திரள வைக்கும் திரவம் அது. பட்டியலை எடுத்து வாசித்தேன். தண்ணீர், போரிக் அமிலம், சமையல் சோடா. வாசிக்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

போராக்ஸ் என்பது நம்முடைய வெங்காரம்தான். பொற்கொல்லர்கள் நகை பற்றவைக்கும்போது வைப்பது. அதைத் தண்ணீரில் கரைத்தால் பாதி போரிக் அமிலமாகவும் பாதி அதன் கார வடிவமான போரேட்டாகவும் பிரிந்து நிற்கும். போரிக் அமிலத்தை எடுத்து அதில் சோடாவைக் கலந்தாலும், காரத்தன்மை ஏறி, அமிலத்தில் ஒரு பங்கு போரேட்டாக மாறிவிடும். ஆக, எந்த வழியில் போனாலும் பாட்டிலுக்குள் வந்து சேர்வது அதே கூட்டம். பெட்டியில் வெங்காரத் தூள் இல்லை என்பது எழுத்துக்கு எழுத்து உண்மை. படிக்கிறவர் அதிலிருந்து புரிந்துகொள்வது மட்டும் பொய். அதனால்தான் வரியை எடுத்தோம்.

இதில் விழுந்தது நாங்கள் மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘போராக்ஸ் வேண்டாம், காண்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவம் போதும்’ என்று ஒரு செய்முறை வெகுநாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தத் திரவம் வேலை செய்வதே அதில் போரிக் அமிலமோ சோடியம் போரேட்டோ இருப்பதால்தான். அவை இல்லாத, ஹைட்ரஜன் பெராக்சைடு வகைத் திரவத்தை ஊற்றிப் பாருங்கள், விடிய விடியக் கிளறினாலும் பசை பசையாகவே இருக்கும். (அந்த வகையைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது என்பது வேறு விஷயம்.) துணிக்குப் போடும் திரவக் கஞ்சி சிலவற்றிலும் போரேட் உண்டு. கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரை எடுத்துக் கலந்ததாகவும் ஒருவர் எழுதியிருந்தார். அளவில்லாமல் தூளை அப்படியே கொட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. தயவுசெய்து வேண்டாம்.

சரி, போரேட் அங்கே என்னதான் செய்கிறது? வெள்ளைப் பசை என்று நாம் வாங்கும் பிவிஏ பசையில் மிக நீளமான மூலக்கூறுகள் நூல் நூலாகக் கிடக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போவதால் பசை ஊற்றினால் ஒழுகுகிறது. போரேட் உள்ளே போனதும் பக்கத்துப் பக்கத்து நூல்களைச் சேர்த்து முடிச்சுப் போடுகிறது. அது இறுகிப்போன முடிச்சு இல்லை, உருவாஞ்சுருக்கு மாதிரி. மெதுவாக இழுத்தால் ஒரு முடிச்சு அவிழும், இன்னோர் இடத்தில் புதிதாக ஒன்று விழும். அதனால் ஸ்லைம் கையிலிருந்து தேன் போலத் தொங்கி இறங்குகிறது. வெடுக்கென்று இழுத்தால் முடிச்சுகளுக்கு அவிழ நேரம் கிடைப்பதில்லை, துணி கிழிவது போலப் பிய்ந்துவிடும். எங்கள் பின்கட்டு மேஜையில் ஒவ்வொரு புதுச் சரக்கையும் இப்படித்தான் சோதிக்கிறோம். ஒரு கையளவு எடுத்து மெல்ல இழுத்தால் முழ நீளம் வர வேண்டும், சுண்டி இழுத்தால் ‘பட்’டென்று அறுந்து, அறுந்த வாய் கத்தியால் வெட்டியது போல நேராக இருக்க வேண்டும். பிள்ளைகளோடு செய்யும்போது இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து காட்டுங்கள். மற்றதெல்லாம் அவர்களே கேட்பார்கள்.

இந்த விளையாட்டுப் பொருளின் பழைய வரலாற்றைப் புரட்டினாலும் போரான், அதாவது போராக்ஸ், போரிக் அமிலம், போரேட் எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் தனிமம், கூடவே வருகிறது. 1943-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஜேம்ஸ் ரைட், போர்க்கால ரப்பர் தட்டுப்பாட்டுக்கு மாற்றுத் தேடும்போது சிலிக்கோன் எண்ணெயில் போரிக் அமிலத்தைச் சேர்த்தார். கிடைத்தது ரப்பருக்கு ஈடாகவில்லை, ஆனால் தரையில் எறிந்தால் எகிறியது. (டௌ கார்னிங் என்ற நிறுவனத்தில் இருந்த ஏர்ல் வாரிக்கும் அதை முதலில் செய்தவர் தாமே என்றார்.) 1950-இல் பீட்டர் ஹாட்ஜ்சன் அதை பிளாஸ்டிக் முட்டைக்குள் அடைத்து ‘சில்லி புட்டி’ என்று விற்றார். 1968-இல் நிலவைச் சுற்றிவந்த அப்போலோ 8 வீரர்கள், கருவிகள் மிதந்து போகாமல் ஒட்டிவைக்க அதையே கொண்டுபோனார்கள். ‘ஸ்லைம்’ என்ற பெயரிலேயே மேட்டல் நிறுவனம் 1976-இல் கொண்டுவந்ததில் பிவிஏ பசை கிடையாது. குவார் பிசினும் போராக்ஸும் சேர்ந்தது. குவார் என்றால் ஏதோ அயல்நாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள், நம் கொத்தவரைதான். அதன் விதையிலிருந்து எடுக்கும் பிசின்.

இனி, பயப்பட வேண்டுமா என்ற கேள்வி. எங்கள் கருத்து இதுதான்: பதற வேண்டியதில்லை, அசட்டையாகவும் இருக்கக் கூடாது. போரேட் நல்ல தோல் வழியாக எளிதில் உள்ளே போவதில்லை. வெட்டு, சிராய்ப்பு, கரப்பான் (எக்ஸிமா) உள்ள தோல் வழியாகப் போகும். வாய் வழியாகவும் போகும். அதிக அளவு போரேட் இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் பொம்மைப் பாதுகாப்பு விதியில், திரவமாகவோ ஒட்டும் தன்மையோடோ இருக்கும் விளையாட்டுப் பொருளிலிருந்து கிலோவுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் போரான் வெளிவரக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். கனடாவின் சுகாதாரத் துறை 2016-இல், பிள்ளைகளின் கைவேலைகளில் போரிக் அமிலமே வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். வீட்டுச் செய்முறை பெரும்பாலும் இப்படி இருக்கும்: 120 மி.லி. பசை, 120 மி.லி. தண்ணீர். தனியாக 240 மி.லி. வெந்நீரில் ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 4 கிராம், வெங்காரம். அந்தக் கரைசலில் பாதியைக் கொட்டினால் 2 கிராம் வெங்காரம் உள்ளே போகிறது. அதில் போரான் 11 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். மொத்தக் கலவை 360 கிராம் என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 600 மில்லிகிராமைத் தாண்டுகிறது. விதி பார்ப்பது மொத்த அளவை அல்ல, வயிற்று அமிலம் போன்ற நீர்த்த அமிலத்தில் கரைந்து வெளிவரும் அளவை. இருந்தாலும் கணக்கு ஒன்றைச் சொல்கிறது. ‘இன்னும் கொஞ்சம்’ என்று சாய்த்து ஊற்றும் கைதான் ஸ்லைமைக் கெடுக்கிறது. ஊற்ற ஊற்ற ஸ்லைம் ரப்பர் போல விறைத்து, உள்ளிருந்த நீரைக் கக்கும். அப்போதே அளவு தாண்டிவிட்டது.

அதனால் புதுப் பெட்டியில் சின்ன பாட்டிலுக்குச் சொட்டு மூடி வைத்திருக்கிறோம். பசையில் பத்துச் சொட்டு விடுங்கள், குச்சியால் கிளறுங்கள். கிண்ணத்தின் ஓரத்தை விட்டுத் திரண்டு வரும் வரை இதையே செய்யுங்கள். அப்புறம் கையில் எடுத்துப் பிசையுங்கள். முதலில் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டு வெறுப்பேற்றும். உடனே பாட்டிலைத் தூக்காதீர்கள், மூன்று நிமிடம் பிசைந்தால் பெரும்பாலும் தானாகவே விட்டுவிடும். சொட்டு விடும் வேலை பெரியவர்களுடையது, பிசைவது மட்டும் பிள்ளைகளுடையது. ‘சில்லி புட்டி’ போல எகிறும் உருண்டை வேண்டுமென்றால் தண்ணீரே சேர்க்காமல் பசையில் நேராகச் சொட்டு விடுங்கள். உருட்டி எறிந்தால் எகிறும், ராத்திரி மேஜையில் வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் தோசை போலப் பரந்து கிடக்கும். அதே உருவாஞ்சுருக்குதான், இழுப்பது மட்டும் புவியீர்ப்பு.

விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தினமும் மணிக்கணக்கில் வேண்டாம். கையில் புண்ணோ கரப்பானோ இருந்தால் வேண்டவே வேண்டாம். முதலில் சொன்ன அந்தப் பையனுக்குத் தொல்லை போரேட்டால் வந்ததா என்று எங்களால் சொல்ல முடியாது. பல பசைகளிலும் ஷாம்புகளிலும் கெடாமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பொருளும் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். அவனுக்கு ஸ்லைமை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டச் சொன்னோம், பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

எதையும் வாயில் வைக்கிற வயதில் பிள்ளை இருந்தால் எங்கள் பெட்டியை வாங்காதீர்கள். விற்கிறவர்களே இப்படிச் சொல்கிறோம் என்று சிரிக்க வேண்டாம். போரான் துளியும் இல்லாத இரண்டு வழிகள் வீட்டிலேயே இருக்கின்றன. ஒன்று, இசப்கோல். 240 மி.லி. தண்ணீரில் ஒரு தேக்கரண்டி இசப்கோல் பொடியைப் போட்டுக் கொதிக்க விடுங்கள், பொங்கும்போது இறக்கி, அடங்கியதும் மறுபடி ஏற்றுங்கள். நாலைந்து தடவையில் கெட்டியான கூழாகிவிடும். நன்றாக ஆறிய பிறகுதான் கையில் கொடுக்க வேண்டும், உள்சூடு நெடுநேரம் நிற்கும். இன்னொன்று, இரண்டு பங்கு கார்ன்ஃப்ளாருக்கு ஒரு பங்கு தண்ணீர். வெள்ளை வெளேரென்று இருக்கும் மாவுதான் வேண்டும். மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள மாவை வாங்கிப் போட்டுவிட்டு வரவில்லை என்று எங்களைத் திட்டியவர்கள் இருக்கிறார்கள். குத்தினால் கல், விட்டால் தண்ணீர். இதில் முடிச்சு ஏதும் இல்லை, மாவுத் துகள்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொள்வதுதான் காரணம். முடிந்ததும் குப்பையில் போடுங்கள், கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

துணியிலோ கம்பளத்திலோ தலைமுடியிலோ ஸ்லைம் ஒட்டிக்கொண்டால் சுரண்டாதீர்கள். வெள்ளை வினிகரை நனையும்படி விட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். அமிலம் பட்டதும் போரேட் போரிக் அமிலமாகிவிடும், முடிச்சு அவிழ்ந்து வெறும் பசையாகிவிடும், வெதுவெதுப்பான நீரில் போய்விடும். கண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் வினிகர் கூடாது.

‘போராக்ஸ் இல்லாதது’ என்று அச்சிட்ட பெட்டி உங்களிடம் பிரிக்காமல் இருந்து, அந்த வரியை நம்பித்தான் வாங்கினீர்கள் என்றால் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். ரசீது வேண்டியதில்லை. பிரித்துவிட்டீர்கள், ஆனால் தொடர்ந்து பயன்படுத்தத் தயங்குகிறீர்கள் என்றாலும் கொடுத்துவிடலாம். வைத்துக்கொள்கிறவர்கள் சொட்டு மூடியை மட்டும் கேட்டு வாங்கிப் பழைய பாட்டிலில் மாட்டிக்கொள்ளுங்கள், திருகு அளவு ஒன்றுதான்.

அன்புடன்,
உங்கள் கடையிலிருந்து