நாற்பது பக்கத்திலும் முகவரியைத் திருத்த வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடை, பள்ளி, சங்கம் என்று பலரும் இன்று இணையதளம் உருவாக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் தாங்களே இணையதளம் அமைத்துக்கொள்கிறார்கள். பயிற்சி வகுப்புகளில் தீம் (தளத்தின் தோற்றத்தைத் தரும் ஆயத்த வடிவமைப்பு), நிறம், எழுத்துரு எல்லாம் சொல்லித் தருகிறார்கள். பக்கம் எந்தெந்தப் பகுதிகளால் ஆனது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதனால் முகவரியை ஒவ்வொரு பக்கத்தின் உள்ளேயும் தட்டச்சு செய்துவிட்டு, கடை இடம் மாறும்போது நாற்பது பக்கத்தையும் திறந்து திருத்துகிறார்கள். அது பக்கத்தின் அடிப்பகுதியான ஃபுட்டரில் ஒரே ஒருமுறை இருக்க வேண்டியது.

தளம் முழுவதற்கும் பொதுவானவை, மேற்பகுதியான ஹெடரும் ஃபுட்டரும். நடுவிலுள்ள உள்ளடக்கம் மட்டுமே பக்கத்துக்குப் பக்கம் மாறும். உங்கள் தீம் எந்த வகை என்பதை முதலில் பாருங்கள். வேர்ட்பிரஸ் நிர்வாகப் பக்கத்தின் ‘தோற்றம்’ மெனுவில் ‘விட்ஜெட்கள்’ (பக்க ஓரத்திலோ அடியிலோ வைக்கும் சிறு பெட்டிகள்) இருந்தால் பெரும்பாலும் பழைய வகை. ‘எடிட்டர்’ இருந்தால், 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பு முதல் நடைமுறைக்கு வந்த பிளாக் தீம்; அதில் ஹெடர், ஃபுட்டர் உட்பட எல்லாமே பிளாக் எனும் துண்டுகளால் ஆனவை.

பழைய வகையில் சைட்பார் (பக்கவாட்டுப் பட்டை), ஃபுட்டர் போன்ற இடங்களைத் தீமை எழுதியவரே வரையறுத்திருப்பார். தீமை மாற்றும்போது புதியதில் பொருத்தமான இடம் இல்லாவிட்டால், விட்ஜெட்கள் ‘செயலற்றவை’ பட்டியலுக்குப் போய்விடும். அழிந்துவிட்டதென்று பதற வேண்டாம். அங்கிருந்து இழுத்து வைத்துக்கொள்ளலாம்.

பிளாக் தீமில் சிக்கல் வேறு. ஹெடர் ஒரு டெம்ப்ளேட் பார்ட், அதாவது பல பக்கங்கள் பகிர்ந்துகொள்ளும் பகுதி. ஒரு பக்கத்தைத் திருத்துவதாக நினைத்து அதில் கைவைத்தால், அதைப் பயன்படுத்தும் எல்லாப் பக்கங்களும் மாறிவிடும். சேமிக்கும்போது வலப்பக்கம் வரும் பட்டியலில் ‘ஹெடர்’ என்ற பெயர் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் வேறு ஹெடர் வேண்டுமென்றால், புதிய டெம்ப்ளேட் பார்ட் ஒன்றும் அதைக் கொண்ட டெம்ப்ளேட் (பக்க அமைப்பு) ஒன்றும் உருவாக்கி, அந்தப் பக்கத்துக்கு ஒதுக்க வேண்டும்.

அனுபவமுள்ளவர்களும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எடிட்டரில் செய்த மாற்றம் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகிறது. அதன்பின் தீம் கோப்புறையிலுள்ள ஃபுட்டர் கோப்பை எத்தனை முறை திருத்தினாலும் தளத்தில் மாற்றம் தெரியாது. தரவுத்தளப் பிரதியே முன்னிற்கும். எடிட்டரில் அந்தப் பகுதியை மீட்டமைத்தால்தான் கோப்பு மறுபடி உயிர்பெறும்.

கைபேசியையும் மறக்கக் கூடாது. உள்ளடக்கத்தை அருகருகே வைக்கும் காலம்ஸ் பிளாக்கில் அமைத்த நெடும்பத்திகள், திரை அகலம் 782 பிக்சலுக்குக் கீழே போனால் வழக்கமாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும். அப்படி அமைத்த வலப்பக்க சைட்பாரில் போட்ட அவசர அறிவிப்பு கட்டுரைக்கும் கீழே போய்விடும். சைட்பார் இடப்பக்கம் இருந்தால், வாசகர் அதை முழுக்கத் தாண்டித்தான் செய்திக்கு வர முடியும். தமிழுக்கு இன்னொரு தொல்லை: ‘விண்ணப்பப்படிவங்கள்’ போன்ற நீண்ட சொற்கள் குறுகிய சைட்பாரில் பிதுங்கி வெளியே நிற்கும். மெனுவில் ‘படிவங்கள்’ போதும்.

கடைசியாக, மிக முக்கியமானது. பார்வையற்றோர் பயன்படுத்தும் என்விடிஏ திரைவாசிப்பானில் (திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருள்) ‘டி’ விசையை அழுத்தினால் பகுதிவிட்டுப் பகுதி தாவலாம். அந்தப் பகுதிகளுக்குச் சரியான எச்டிஎம்எல் உறுப்பு (அந்தப் பகுதி எதற்கானது எனக் குறிக்கும் குறியீடு) கொடுத்திருந்தால்தான் அது நடக்கும். உள்ளடக்கத்தைச் சூழ்ந்த குரூப் பிளாக்கைத் தேர்ந்தெடுத்து, ‘மேம்பட்டவை’ பிரிவில், முதன்மை உள்ளடக்கத்தைக் குறிக்கும் ‘மெயின்’ என்று இருக்கிறதா எனப் பாருங்கள். டெம்ப்ளேட்டில் எங்குமே ‘மெயின்’ இல்லாவிட்டால், உள்ளடக்கத்துக்கு நேரே தாவ வேர்ட்பிரஸ் தானாகச் சேர்க்கும் இணைப்பும் வராது. ஒவ்வொரு பக்கத்திலும் அவர்கள் மெனு முழுவதையும் கேட்டு முடிக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
இணையதள வடிவமைப்பாளர், மதுரை