அந்த லேப்டாப்பை இப்போது கொடுத்துவிடாதே

அன்பு மகளுக்கு,

மானிட்டரைக் கேபிள் போட்டு இணைத்தும் படம் வரவில்லை, லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது என்று எழுதி நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் லேப்டாப்பில் ஒரு பழுதும் இல்லை. கோளாறு கடையில் வாங்கிய அந்தக் கேபிளில்தான் இருக்கிறது. புது லேப்டாப்புக்கு மாதத் தவணை போடும் யோசனையை இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது தள்ளி வை. தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும். எழுத்தில் இருந்தால் கடைக்குப் போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

மானிட்டர் வேண்டும் என்று நீ நினைத்தது மிகச் சரி. 14 அங்குலத் திரையைக் குனிந்து பார்த்தபடி நாள் முழுவதும் மெய்ப்புத் திருத்தினால் யாருக்கும் கழுத்து வலிக்கும். லேப்டாப்பில் திரையும் விசைப்பலகையும் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் தலை தொங்குகிறது, கண்ணுக்கு வசதியாக உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்கிறது. இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கினாலும் லேப்டாப்பின் அமைப்பு அதுதான். உன் கழுத்துக்குத் தேவை தனித் திரை, புது லேப்டாப் அல்ல.

உன்னிடம் இருப்பது 2012இல் வந்த திங்க்பேட் டி430. அதன் திரையில் அகலவாக்கில் 1366 பிக்சல்கள், அதாவது ஒளிப்புள்ளிகள், உயரவாக்கில் 768. மாடி வீட்டு அக்கா தருவதாகச் சொன்ன 24 அங்குல மானிட்டரில் 1920, 1080. ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம். அந்த மானிட்டரின் திரை சுமார் 53 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. ஏ4 தாள் 21 சென்டிமீட்டர் அகலம், 29.7 உயரம் என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மூலப்பிரதி ஒரு பக்கம், திருத்தும் பிரதி மறுபக்கம் என்று இரண்டையும் கிட்டத்தட்ட அசல் அளவிலேயே திறந்து வைக்கலாம். எழுத்தும் இப்போது தெரிவதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். உன் தொழிலுக்கு இதைவிட என்ன வேண்டும், மக்களே?

இனி கேபிள் விஷயம். லேப்டாப்பின் பக்கவாட்டில் 15 துளைகளோடு இருப்பது, திரைக்குப் படம் அனுப்பும் பழைய வாயான வி.ஜி.ஏ. ஐ.பி.எம். நிறுவனம் 1987இல் கொண்டுவந்தது. பாலிடெக்னிக் ஆய்வகத்தில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும் மானிட்டர், புரொஜெக்டர் எல்லாமே இதில்தான் ஓடின. அதன் அருகில், கீழ் மூலைகள் இரண்டும் வெட்டப்பட்டதுபோல் ஒரு சின்ன வாய் இருக்கிறதே, அதுவும் படம் அனுப்பும் வாய்தான், பெயர் மினி டிஸ்பிளே போர்ட். இப்போதைய டி.வி., மானிட்டர்களில் இருக்கும் எச்.டி.எம்.ஐ. வாய் இந்த லேப்டாப்பில் கிடையாது. அக்காவின் மானிட்டரில் இருப்பவை எச்.டி.எம்.ஐ.யும் வி.ஜி.ஏ.வும்.

உன் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் கொடுத்த கேபிளைப் பார். ஒரு முனையில் வி.ஜி.ஏ., மறு முனையில் எச்.டி.எம்.ஐ., நடுவில் வெறும் கம்பி. அது எந்த லேப்டாப்பிலும் வேலை செய்யாது. வி.ஜி.ஏ.வில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறி இறங்கும் மின்னழுத்தமாகப் போகின்றன. எச்.டி.எம்.ஐ.யில் போவது எண்முறை (டிஜிட்டல்) சமிக்ஞை. ஒன்றை மற்றொன்றாக மாற்ற நடுவில் ஒரு மின்சுற்று வேண்டும், அந்தச் சுற்றுக்கு மின்சாரம் வேண்டும். வி.ஜி.ஏ.விலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குப் போகும் உண்மையான மாற்றியில் யு.எஸ்.பி. வால் ஒன்று தொங்குவது அதனால்தான். இப்படிக் கம்பியை மட்டும் இணைத்து விற்பது எனக்குக் கோபம் மூட்டுகிறது. வாங்கிப் போகிறவர்கள் கேபிளைச் சந்தேகிப்பதில்லை. கணினிக்கு வயதாகிவிட்டது என்று எண்ணி நல்ல பொருளைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். நீயும் அந்த முடிவுக்கு வந்ததில் உன் தவறு எதுவும் இல்லை.

உனக்குச் சரியான வழி மினி டிஸ்பிளே போர்ட்தான். அந்த வாய்க்கு ஒரு தனித் திறமை உண்டு: மறுபக்கம் எச்.டி.எம்.ஐ. என்று தெரிந்தால் அதற்குரிய சமிக்ஞையைத் தானே அனுப்பும். ஆகவே விலை குறைந்த, சாதாரண மாற்றுக் கேபிளே போதும். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், "மினி டிஸ்பிளே போர்ட் ஆண் முனை, எச்.டி.எம்.ஐ. ஆண் முனை, லேப்டாப்பிலிருந்து மானிட்டருக்கு" என்று கேள். ஆண் முனை என்றால் வாய்க்குள் செருகும் முனை. கடைசிப் பகுதியை விடாமல் சொல். இந்தக் கேபிள்கள் ஒருவழிப் பாதைகள், திருப்பிப் போட்டால் படம் வராது. கட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் மாற்றியை வாங்காதே. அதன் மேல் கனமான கேபிள் தொங்கத் தொங்க, நாளடைவில் லேப்டாப்பின் வாய் ஆட்டம் கண்டுவிடும். முழுநீளக் கேபிளாக, இரண்டு மீட்டருக்குள் வாங்கு.

கேபிள் கிடைக்கும்வரை வேலை நிற்க வேண்டாம். வி.ஜி.ஏ.விலிருந்து வி.ஜி.ஏ.வுக்கே போகும் சாதாரணக் கேபிளும் ஓடும், இரண்டு பக்கமும் திருகாணியைக் கையால் இறுக்கிக்கொள். முனையில் ஒன்பதாவது ஊசி இல்லாத கேபிள்கள் நிறைய உண்டு, அதைப் பழுதென்று நினைக்காதே. ஆனால் 12ஆவது, 15ஆவது ஊசிகள் கட்டாயம் வேண்டும். மானிட்டர் தன் அகல உயரத்தை லேப்டாப்புக்குச் சொல்வது அந்த இரண்டின் வழியாகத்தான். அவை அறுந்திருந்தால் லேப்டாப்புக்கு எதிரே இருப்பது இன்னதென்று தெரியாமல், 1024, 768 போன்ற ஏதோ ஓர் அளவில் படத்தை இழுத்துக் காட்டும்.

வி.ஜி.ஏ.வில் படம் லேசாக மங்கலாகத் தெரிந்தால் மானிட்டரில் 'ஆட்டோ' என்ற பொத்தானையோ மெனுவில் அந்தப் பெயரையோ தேடி அழுத்து, பெரும்பாலும் நேராகிவிடும். ஆனாலும் நிரந்தரமாக அதிலேயே இருந்துவிடாதே. மற்றவர்களுக்கு அது போதும். நீயோ ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறதா, 'ன'வா 'ண'வா என்று பார்த்துப் பார்த்துச் சம்பாதிக்கிறவள். விளிம்பு மங்கிய எழுத்தில் மெய்ப்புத் திருத்தினால் கண்தான் சோர்ந்துபோகும். வி.ஜி.ஏ.வில் ஒலியும் போகாது, அது உனக்குப் பெரிதல்ல.

இணைத்த பிறகு படம் வராவிட்டால் பதறாதே. மானிட்டரின் 'சோர்ஸ்' மெனுவில் எந்த வாயைத் தேர்ந்திருக்கிறது என்று முதலில் பார். அடுத்து விண்டோஸ் சின்னம் உள்ள விசையோடு 'பி'யைச் சேர்த்து அழுத்து. விண்டோஸுக்குப் பதிலாகத் தம்பி உனக்குப் போட்டுத் தந்த உபுண்டு இயங்குதளத்திலும் இது வேலை செய்யும். இரண்டு திரையிலும் ஒரே படமாகத் தெரிவதைத் தேர்ந்தெடுக்காதே. அதில் பெரிய திரையும் சின்னத் திரையின் அளவுக்குக் குறுகிவிட வாய்ப்பு உண்டு. ஒரு திரையின் தொடர்ச்சியாக மற்றொன்று இருப்பதைத் தேர்ந்தெடு. பெரியதை முதன்மைத் திரையாக்கிவிட்டு, அகராதியையும் மின்னஞ்சலையும் லேப்டாப்பின் திரையில் போட்டுக்கொள்.

கடைக்காரர் 4கே மானிட்டரை, அதாவது இதைவிட நான்கு மடங்கு பிக்சல்கள் உள்ளதை, காட்டினால் அந்தப் பக்கமே திரும்பாதே. அதற்கு ஈடுகொடுக்கும் எச்.டி.எம்.ஐ. வசதி 2012இன் லேப்டாப்புக்கு இல்லை. 1920, 1080 என்பதை நொடிக்கு 60 முறை அலுங்காமல் காட்டும். யு.எஸ்.பி.யில் செருகும் மாற்றியும் வேண்டாம், அதற்குத் தனி மென்பொருள் தேவைப்படும்.

மானிட்டரை ஒரு கை நீட்டும் தூரத்தில் வை. திரையின் மேல் விளிம்பு உன் கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். உயரம் போதாவிட்டால் பழைய ஆண்டுமலர்களை அடுக்கி அதன் மேல் வை. ஜன்னல் உனக்குப் பக்கவாட்டில் வரும்படி மேஜையைத் திருப்பு. தனி விசைப்பலகை ஒன்றும் வாங்கிவிடு, அதற்கான பணத்தை நான் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. இத்தனையும் செய்த பின்னும் வலி குறையாமல், கை மரத்துப்போவதுபோலவும் இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு காலம் கடத்தாமல் மருத்துவரைப் பார்.

கேபிளை மாட்டியதும் அமைப்புகளில் 'டிஸ்பிளே' பகுதியைத் திறந்து படம் எடுத்து அனுப்பு. 1920, 1080 என்பதும் 60 என்பதும் அதில் தெரிய வேண்டும். வேறு எண் வந்திருந்தால் நீயாக எதையும் மாற்றாதே, என்னை அழை. இரவு பத்து மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா
நாகர்கோவில்