செக்குபந்தி இல்லாத பத்திரம்

அன்புள்ள தம்பி செந்திலுக்கு, அப்பா எழுதுவது.

சிகரெட்டை விடுவதாக நீயும் கவிதாவும் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை வாட்ஸ்அப்பில் பார்த்தோம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிழை தேடினேன். 31 வருஷம் பத்திரம் எழுதிய கை, என்ன செய்ய?

"படிப்படியாகக் குறைத்துக்கொள்வேன்" என்று எழுதியிருக்கிறாய். செக்குபந்தி, அதாவது நாலு பக்க எல்லை, இல்லாத பத்திரம் அது. வடக்கே யார் நிலம், கிழக்கே எந்த வாய்க்கால் என்று எழுதாவிட்டால் வரப்பு ராத்திரியோடு ராத்திரியாக நகரும். எந்தத் தேதியிலிருந்து? டீக்கடையில் யாராவது நீட்டினால் ஒரு இழுப்பு கணக்கில் வருமா? நைட் ஷிப்டில் எப்படி? எல்லாவற்றையும் எழுது. அப்புறம், கவிதாதான் உன் எதிர்ப் பார்ட்டி. பார்ட்டியே சாட்சிக் கையெழுத்தும் போடக்கூடாதப்பா.

என் கதை உனக்குத் தெரியாது. 1998 தை மாசம், புகையிலையை விடுகிறேன் என்று, பிசகிப் பாழான ஒரு முத்திரைத்தாளின் பின்பக்கம் நானும் எழுதினேன். சாட்சி பக்கத்து மேஜை எழுத்தர். அவரும் போடுகிறவர். பதினோராம் நாள் அவரே டப்பியைத் திறந்து நீட்டினார், நான் ஒரு துணுக்கு கிள்ளினேன். இருவரும் சிரித்தோம். முறித்தால் என்ன தண்டம் என்று அதில் எழுதவே இல்லையே. கடைசியில் கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு வந்து, டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்த அன்றுதான் விட்டேன்.

பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி செய்ததைப் படித்தேன். சிகரெட்டை விட நினைப்பவர் 6 மாதம் அங்கே பணம் போட்டு வர வேண்டும். முடிவில் சிறுநீர்ப் பரிசோதனையில் தோற்றால் போட்டதெல்லாம் தர்மத்துக்கு. அழைத்தவர்களில் 100-க்கு 11 பேர்தான் சேர்ந்தார்களாம். மற்றவர்கள் என்னைப் போல விவரமானவர்கள்.

1872 ஒப்பந்தச் சட்டப்படி உன் தாள் எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. அதனால் கேட்க ஒரு ஆள் வேண்டும். மாசம் 2000 ரூபாயை உன் மாமனாரிடம் கொடுத்து வை. முறிந்தால் பணம் முதியோர் இல்லத்துக்கு. என்னிடம் தந்தால் இரக்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவர் கொடுக்க மாட்டார், உன் கல்யாணச் செலவு நோட்டையே இன்னும் பத்திரமாக வைத்திருக்கிற மனுஷன்.

திருத்தி எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். தேதியை நீயே போட்டுக்கொள். இரண்டாம் சாட்சி நான். ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவேன், மொட்டை மாடிக்குப் போகாமல் வீட்டுக்குள்ளிருந்தே எடு.

அப்பா