எங்கள் நூலகத்தின் கணினிப் பிரிவுக்கு: சோதித்துப் பார்க்காமல் மாற்றாதீர்கள்

மதிப்பிற்குரிய கணினிப் பிரிவினருக்கு,

வணக்கம். எல்லாக் கணினிகளும் விண்டோஸ் 11-க்கு மாற வேண்டும் என்ற உங்கள் சுற்றறிக்கையும், அதற்கு ஒவ்வொரு பிரிவும் எழுதிய பதில்களும் உங்களிடமே இருக்கின்றன. அவற்றை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. எங்கள் கணினியை நீங்கள் மாற்றியதிலிருந்து ஆவணப் பிரிவின் பெரிய ஸ்கேனர் ஓடாமல் கிடக்கிறது. நாங்கள் பதிவு செய்த புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டுவிட்டது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு பிரிவின் கணினியில் கை வைப்பதற்கு முன், அந்தப் பிரிவின் வேலை புதிய இயங்குதளத்தில் நடக்கிறதா என்று ஒரே ஒரு கணினியில் சோதித்து, அங்கே வேலை செய்பவர் பார்த்துச் சம்மதித்த பிறகு மாற்றுங்கள்.

ஸ்கேனர் ஏன் நின்றது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதன் டிரைவர், அதாவது கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள், 32 பிட் என்ற பழைய வகை விண்டோஸுக்காக மட்டும் எழுதப்பட்டது. தயாரித்தவர்கள் பிறகு புதிய டிரைவர் வெளியிடவே இல்லை. அதற்காகத்தான் அந்த அறையில் விண்டோஸ் 10-இன் 32 பிட் பதிப்பை வைத்திருந்தோம். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பு என்று ஒன்று கிடையாது, 64 பிட் மட்டும்தான். பழைய 32 பிட் மென்பொருள்கள் பல அதில் ஓடும், ஆனால் 32 பிட் டிரைவரை அது ஏற்காது. போதாததற்கு, 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு அப்படியே மேலே ஏற்றவும் முடியாது. வட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். அப்படியே செய்தீர்கள். எடுத்து முடித்த படங்கள் சர்வரில் இருந்ததால் தப்பின. ஆனால் ஒவ்வொரு பதிவேட்டுக்கும் ஏற்ற வெளிச்சம், மைக்கு ஏற்ற அடர்வு, மங்கிய எழுத்தைத் துலக்கும் அளவுகள் என்று ஸ்கேனர் அறை அக்கா பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருந்த அமைப்புகள் அந்தக் கணினியில்தான் இருந்தன. அவை போய்விட்டன. துடைப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஒரு பென்டிரைவில் அடங்கிவிடும் அளவுதான் அது.

இப்போது அந்த அறையில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை வந்து பாருங்கள். பழைய பதிவேடுகளின் தாள் ஒடிந்துவிடும் நிலையில் இருக்கிறது. அதைத் தாளை இழுத்துக்கொள்ளும் வகை ஸ்கேனரில் விட முடியாது. அகலமான கண்ணாடியின் மேல் மெல்லக் கிடத்தித்தான் எடுக்க வேண்டும். அந்தக் கண்ணாடி சும்மா கிடக்க, அக்கா பதிவேட்டை ஜன்னலோரம் கொண்டுபோய்க் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பக்கங்கள் சேரும் நடுமடிப்பில் நிழல் விழுகிறது, தாள் வளையும் இடத்தில் வரி வளைகிறது. தேதிகள் எழுதியிருப்பது பெரும்பாலும் அந்த உள் ஓரத்தில்தான். தாத்தாவின் பெயரையும் பிறந்த வருடத்தையும் தேடி வருபவரிடம், பெயர் தெரிகிறது, வருடம் தெரியவில்லை என்று சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. வெளிச்சம் போதாத மதியங்களில் அதுவும் இல்லை. இதையெல்லாம் செய்துகொண்டே அவர் யாரையும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியை இணையத்தில் விட்டு வைப்பது ஆபத்து. இதில் நீங்கள் கவலைப்படுவது முழுக்க நியாயம். வாசகர்களின் விவரங்கள் இருக்கும் முன்மேசைக் கணினிகளை மாற்றியதற்கு நன்றிகூடச் சொல்வேன்.

ஆனால் பாதுகாப்பும் புதிய பதிப்பும் ஒன்றல்ல. கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட 2017 மே மாதத்து வானாக்ரை தாக்குதலைச் சுற்றறிக்கையில் சுட்டிக்காட்டியிருந்தீர்கள். அந்தத் தாக்குதல் பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளிவந்துவிட்டது. அடிபட்ட கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7, அப்போது ஆதரவில் இருந்த பதிப்புதான். அந்தத் திருத்தத்தைப் போடாமல் விட்டதுதான் அவற்றைச் சாய்த்தது. ஆகவே அந்த உதாரணம் சொல்வது 'திருத்தங்களைத் தவறாமல் போடுங்கள்' என்பதை. அதை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றுவதற்கான காரணமாகக் காட்டுவது சரியில்லை.

திருத்தங்கள் கிடைக்க வழியும் இருந்தது. விண்டோஸ் 10-க்கு நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி 3 ஆண்டு வரை பெறலாம். ஒற்றைக் கணினிக்கு அதை வாங்கி, ஸ்கேனருக்கு மாற்று ஏற்பாடு ஆகும்வரை ஓட்டியிருக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால், அந்தக் கணினியை வலையிலிருந்து பிரித்துத் தனியாக வைத்திருக்கலாம். அது ஸ்கேன் செய்வதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. மின்னஞ்சல் பார்ப்பதில்லை, இணையம் தேவையில்லை. படங்களை வட்டில் எடுத்து, வைரஸ் சோதித்து, சர்வரில் ஏற்றினால் போதும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருக்கிறது. பழைய ஸ்கேனர்கள் பலவற்றை ஓட்டும் 'சேன்' என்ற திறந்த மூல மென்பொருள் அதில் உண்டு. நம் ஸ்கேனர் அதில் ஓடுமா என்பது சோதித்தால் தெரிந்துவிடும். யாரும் சோதிக்கவில்லை.

சரி, இவ்வளவு இழந்து என்ன பெற்றோம் என்று கேட்டால், அந்த அறையைப் பொறுத்தவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கோப்பு உலாவியில் தாவல்கள் வந்திருக்கின்றன, சாளரங்களை அழகாக அடுக்கலாம். மற்றவர்களுக்கு அவை உதவலாம். அக்காவோ நீண்ட பக்கங்கள் திரையில் முழுதாகத் தெரியட்டும் என்று பணிப்பட்டையை இடது ஓரத்தில் வைத்திருந்தார். விண்டோஸ் 11 வெளிவந்தபோதே அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். இருக்கிற வேலையை முன்பைவிட நன்றாகச் செய்ய முடிந்தால்தான் அது மேம்பாடு. இங்கே வேலையே நின்றிருக்கிறது.

இதில் உங்கள் மேல் மட்டும் கோபப்படுவதும் நியாயமில்லை என்று தெரியும். 2015-இல் விண்டோஸ் 10 வந்த சமயம், இதுதான் விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்று அதை உருவாக்கிய நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே மேடையில் சொன்னார். 2021-இல் அடுத்தது வந்துவிட்டது. வந்ததும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைச் செயலியாவது (சிபியு) வேண்டும் என்று நிபந்தனைகள். 2016-இல் வாங்கிய, இன்றும் சுணங்காமல் ஓடுகிற கணினிகள் அந்த ஒரு வரியில் தகுதியிழந்தன. நம் வாசிப்பறைக் கணினிகள் மூலையில் அடுக்கப்பட்டிருப்பது அதனால்தான். அவற்றின் திரை, விசைப்பலகை, நினைவகம் எதிலும் பழுதில்லை. வேறெங்கோ யாரோ எடுத்த முடிவுக்காக, ஓடுகிற பொருளை நம் கையாலேயே குப்பையாக்குகிறோம். ஸ்கேனரைச் செய்தவர்களும் அப்படித்தான்: டிரைவர் எழுதுவதை நிறுத்தியவுடன், பழுதில்லாத கருவிக்கு ஆயுள் முடிந்தது. இந்த விஷயத்தில் நீங்களும் எங்களைப் போலவே சொன்னதைக் கேட்க வேண்டிய இடத்தில் இருக்கிறீர்கள். அப்படியிருக்க, நாங்கள் தயங்கியபோது எங்களை மாற்றத்துக்கு அஞ்சுபவர்கள் என்று எழுதியது வருத்தமாக இருந்தது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலரின் கோப்புகளையே அழித்துவிட்டது. வெளியிட்டவர்களே அதை நிறுத்தி வைத்து, சரிசெய்து, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டார்கள். செய்தவர்களுக்கே நின்று பார்க்க வேண்டிவந்தது. எங்களுக்கு அந்த உரிமை இல்லையா?

பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னியுங்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அடுத்ததாக நூற்கட்டுப் பிரிவும் ஒலிநாடாப் பிரிவும் உங்கள் பட்டியலில் இருக்கின்றன. ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றும் கருவியும் பழையதுதான். அதன் டிரைவர் எந்த வகை என்று தயவுசெய்து முதலில் பாருங்கள். ஒரு கணினியில் விண்டோஸ் 11 நிறுவி, அந்தக் கருவியை இணைத்து, ஒரு நாடாவை முழுதாக ஓட்டிப் பாருங்கள். அங்கே இருக்கும் ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். அவர் சரி என்றால் மாற்றுங்கள். ஓடவில்லை என்றால் வேறு வழி கிடைக்கும்வரை அந்தக் கணினியை வலையிலிருந்து பிரித்து, அப்படியே விட்டுவிடுங்கள்.

ஆவணப் பிரிவுக்கு, மூலையில் அடுக்கியிருக்கும் கணினிகளில் ஒன்றைத் திருப்பித் தாருங்கள். பழைய 32 பிட் விண்டோஸ் 10-ஐ அதில் நிறுவினால், எங்களிடம் இருக்கும் டிரைவர் வட்டை வைத்து ஸ்கேனரை ஓட்டிக்கொள்வோம். வலை இணைப்பு வேண்டாம். அமைப்புகளை அக்கா மறுபடி முதலிலிருந்து செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டார். அந்தக் கணினியை என்றைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் தெரிவித்தால், நாங்களே வந்து தூக்கிச் செல்கிறோம்.

இப்படிக்கு,
ஆவணப் பிரிவு ஊழியர் ஒருவர்