இண்டர்கூலர்: அளவு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) உள்ள டீசல் ஜீப்புகளுக்கும் எஸ்.யூ.வி.களுக்கும் இண்டர்கூலர், அதாவது அந்த அழுத்தத்தில் சூடான காற்றைக் குளிரவைக்கும் பாகம், மாற்றுவது பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரை, 'எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது' என்பதோடு நின்றுவிட்டது. அந்த ஒரு வரியை நம்பிச் சென்னையில் பணம் போடுகிறவர்களுக்கு ஏ.சி. குளிராமல் போவதும் இன்ஜின் சூடேறுவதும்தான் மிச்சம். சிலருக்கு இன்ஜினே போய்விடுகிறது. அளவு முக்கியம்தான். ஆனால் நம் ஊர் வெயிலுக்கும் நெரிசலுக்கும், இண்டர்கூலரின் கோருக்குள் (குழாய்களும் ஃபின் எனும் மெல்லிய தகடுகளும் அடுக்கிய நடுப்பகுதி) வெளிக்காற்று வந்து போகும் வழியும், கசியாத இணைப்புகளும், உட்புறச் சுத்தமும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

வெப்பக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறோம். வெளியே 38 டிகிரி. டர்போ அந்தக் காற்றை 1 பார் பூஸ்டுக்கு, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தை விடச் சுமார் 14.5 பி.எஸ்.ஐ. கூடுதலாக அழுத்துகிறது. டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வெளிவரும் காற்று ஏறத்தாழ 135 டிகிரி. 70 சதவீதத் திறனுள்ள இண்டர்கூலர் அதை 67 டிகிரிக்கு இறக்கும். அதே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 20 சதவீதம் கூடும். இப்போது இதே வண்டியில் ஏர் ஃபில்டர், பேனட்டுக்குள் சுற்றும் 55 டிகிரிக் காற்றை உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்போவிலிருந்து வருவது 155-ஐத் தாண்டிவிடும். ஆகவே இண்டர்கூலரில் கை வைப்பதற்கு முன்பே, ஃபில்டர் பெட்டிக்கு ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) பக்கமிருந்தோ ஸ்நார்கல் எனும் உயரக் குழாய் வழியாகவோ வெளிக்காற்று வரும்படி செய்ய வேண்டும். காற்று இழுக்கும் வாயைப் பம்பருக்குக் கீழே வைக்கக் கூடாது. வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் மழைத் தண்ணீரில் ஒருமுறை இறங்கினால் இன்ஜின் தண்ணீர் குடித்து, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இண்டர்கூலர் மட்டும் மாற்றினால் 'புல்லிங்' தானாக ஏறிவிடும் என்பதும் சரியல்ல. டீசலைச் செலுத்த மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய இன்ஜினில் டீசல் அளவு மாறாமல் இருக்கும்போது கிடைப்பது வேறு: கரும்புகை குறையும், எக்ஸாஸ்ட் வெப்பம் இறங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுமையோடு ஏறுகிற வண்டிக்கு அதுவே பெரிய லாபம். பிஸ்டனும் டர்போவும் பிழைக்கும். பம்பில் டீசலைக் கூட்டப் போகிறீர்கள் என்றால், டர்போவுக்கு முன்னால் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், வெப்பம் அளக்கும் கே-வகை தெர்மோகப்பிள் ஒன்றைப் பொருத்தி, மீட்டரைக் கண்ணுக்கு எதிரே வையுங்கள். நீண்ட ஏற்றத்தில் 700 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது. இந்த மீட்டர் இல்லாமல் பம்ப் ஸ்க்ரூவைத் திருகுவதை எந்த மெக்கானிக் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

2.5 லிட்டர் இன்ஜின் 4,000 சுற்றில் 1 பார் பூஸ்டில் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.5 கிலோ காற்றை இழுக்கும். அதை 135-லிருந்து 67 டிகிரிக்கு இறக்க, சுமார் 10 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். ஒன்றரை டன் ஏ.சி. இரண்டு சேர்ந்து அறையிலிருந்து எடுக்கிற வெப்பத்துக்கு இது கிட்டத்தட்டச் சமம். இண்டர்கூலரை கிரில்லுக்குப் பின்னால், முன்பக்கம் வைத்தால், இந்த வெப்பம் முழுவதும் நேராக, ஏ.சி. கேஸைக் குளிரவைக்கும் கண்டென்சர் மேலும் ரேடியேட்டர் மேலும்தான் போகிறது. கோர் வழியாக நொடிக்கு 1 கிலோ வெளிக்காற்று போனால் அந்தக் காற்று 10 டிகிரி சூடாகும். அரைக் கிலோதான் போகிறது என்றால் 20 டிகிரி. 38-ல் நுழைந்த காற்று 58-ல் கண்டென்சரைத் தொட்டால் கேஸ் அழுத்தம் ஏறி ஏ.சி. கம்ப்ரஸர் கட் ஆகும். அதனால்தான் தடித்த கோர் வேண்டாம் என்கிறோம். தடிமன் கூடக் கூட, பின்பாதிக்கு ஏற்கெனவே சூடான காற்றுதான் கிடைக்கிறது. பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கோ காற்றே அடைபடுகிறது. 2.2 முதல் 2.8 லிட்டர் வரையிலான இன்ஜின்களுக்கு 450 முதல் 550 மி.மீ. அகலம், 200 முதல் 300 மி.மீ. உயரம், 60 முதல் 65 மி.மீ. தடிமன் போதும். இடம் இருந்தால் முகப்பைப் பெரிதாக்குங்கள், தடிமனை அல்ல.

கோருக்கும் கண்டென்சருக்கும் இடையே 15 முதல் 20 மி.மீ. இடைவெளி விட்டு, சுற்றிலும் அலுமினியத் தகடும் ஃபோம் பட்டையும் வைத்து அடையுங்கள். கிரில்லில் நுழைந்த காற்று கோரைச் சுற்றிக்கொண்டு ஓடாமல் அதற்குள் போக வேண்டும். ஒரு பெரிய கோரை அடைப்பில்லாமல் தொங்கவிடுவதை விட, சிறிய கோரைச் சரியாக அடைத்து வைத்தால் நல்ல பலன் உண்டு. முன்னால் புல் கார்டு எனும் கனமான இரும்புச் சட்டமும், அதில் வரிசையாக ஃபாக் லைட்டும் இருந்தால் காற்று வழி பாதி போயிற்று. புல் கார்டு கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஏர்பேக் உள்ள வண்டியில் அது ஆபத்தும்கூட.

இன்ஜினுக்கு மேலே வைக்கும் வகையில் குழாய் நீளம் குறைவு, டர்போ சீக்கிரம் பிடிக்கும், ரேடியேட்டர் மறையாது. நெடுஞ்சாலையில் நன்றாக வேலை செய்யும். அண்ணா சாலையில் ஊர்ந்து போகும்போது கோர் இன்ஜின் சூட்டை வாங்கிச் சேர்த்துக்கொள்ளும் என்பதுதான் குறை. பேனட் மேல் காற்றை உள்ளே விடும் ஸ்கூப்பின் வாயிலிருந்து கோரின் விளிம்பு வரை இடைவெளி இல்லாமல் ஃபோம் ரப்பர் அடைப்பு வேண்டும். கோருக்கு அடியில் 9 அல்லது 10 அங்குல மின்விசிறி ஒன்றை, கீழ்நோக்கி இழுக்கும்படி, ரிலேயும் தெர்மோஸ்டாட் சுவிட்சும் ஃப்யூஸும் வைத்து இணைத்தால் நெரிசலிலும் சமாளிக்கலாம். ஸ்கூப் வெறும் அலங்காரத்துக்கு ஒட்டியதா, உள்ளே துளை இருக்கிறதா என்று பேனட்டைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரால் குளிரவைக்கும் வகையும் உண்டு. இடம் மிச்சம்தான். ஆனால் தனி பம்ப், தனி ரேடியேட்டர், தனி கூலண்ட் என்று பழுதாகும் இடங்கள் கூடும். மலைக்கும் காட்டுக்கும் போகிற வண்டிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

கோரில் இரண்டு வகை. டியூப்-ஃபின் (மெல்லிய குழாய்களும் ஃபின்களும் சேர்ந்தது) இலேசானது, பின்னால் காற்றை நன்றாக விடும். பார்-பிளேட் (கட்டைகளும் தகடுகளும் அடுக்கியது) கனமானது, கல்லடி தாங்கும், ஆனால் ரேடியேட்டரை அதிகம் மறைக்கும். முன்பக்கம் வைக்க டியூப்-ஃபின், மேலே வைக்க பார்-பிளேட் என்பது எங்கள் தேர்வு.

சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய கோர் வாங்குவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டர்போ உடைந்து போன வண்டியிலிருந்து கழற்றியதாக இருந்தால், உள்ளே உலோகத் துகளும் ஆயிலும் தங்கியிருக்கும். ஃபின்களுக்குள் சிக்கிய துகள் கெரசின், டீசல் எதில் கழுவினாலும் முழுதாக வராது. இண்டர்கூலருக்கு அப்பால் ஃபில்டர் கிடையாது, அடுத்தது சிலிண்டர்தான். தேங்கிய ஆயில் இன்னும் மோசம். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது அது மொத்தமாக உறிஞ்சப்பட்டால், இன்ஜின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுப்பாடில்லாமல் சுற்றும். சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்போது வண்டி கியர் வண்டியாக இருந்தால் பிரேக்கை முழுதாக அழுத்தி, கடைசி கியரில் போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினை நிறுத்த வேண்டும். கோரின் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்துக் கறுப்பு ஆயிலும் மினுக்கும் தூளும் ஒட்டினால் அந்தக் கோரை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கோரின் இருபுறமும் காற்று நுழைந்து வெளியேறும் பக்கத் தொட்டிகளை 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் செய்து ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டலாம். காற்று நுழையும் மூலையில் தொட்டி அகலமாகவும், தூரப் போகப் போகக் குறுகியும் இருந்தால் எல்லா டியூபுக்கும் காற்று பரவும். வெல்டிங்கில் உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் ராடு 4043 வகை எடுங்கள். மக்னீசியம் அதிகமுள்ள 5356, தொடர்ந்து 65 டிகிரிக்கு மேல் இருக்கும் இடத்தில் நாளடைவில் விரிசல் விடும். ஒட்டுவதற்கு முன் அசிட்டோனால் துடைத்து, இரும்பில் தேய்த்திராத எவர்சில்வர் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஆயில் ஊறிய பழைய கோரில் வெல்டிங் நுரைத்துத் துளை விழும். கோரின் பாகங்களைச் சேர்த்துப் பற்றவைத்த பிரேசிங் இணைப்புகள் ஏறத்தாழ 580 முதல் 600 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால், 3, 4 செ.மீ. ஒட்டி, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் போய் ஒட்ட வேண்டும். ஒரே இழுப்பில் ஓட்டும் வெல்டர் கையில் கோர் பாழாகும்.

அடுத்துக் கசிவுச் சோதனை. இதைச் செய்யாத கடையில் வேலை கொடுக்கவே கூடாது. இரண்டு வாயையும் மூடி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரஸரில் 2 பார் கொடுத்து 15 நிமிடம் பார்க்க வேண்டும். 63 மி.மீ. வாயில் 2 பார் என்பது மூடியை 63 கிலோ விசையோடு தள்ளும். மூடியை இரும்புப் பட்டையால் இழுத்துக் கட்டாமல் எதிரே நிற்பது உயிரோடு விளையாட்டு. சோதனைக்குப் பின் சுடுநீர் விட்டு அலசி, இரு திசையிலும் காற்றடித்து, முழுதாகக் காயவைத்துத்தான் பொருத்த வேண்டும்.

குழாய், டர்போ பக்கம் 50 முதல் 57 மி.மீ., இன்ஜின் பக்கம் 57 முதல் 63 மி.மீ. இருந்தால் போதும். 76 மி.மீ. போட்டால் நிரப்ப வேண்டிய கொள்ளளவு கூடி டர்போ தாமதம்தான் மிச்சம். சைலன்ஸர் கடையில் நசுக்கி வளைத்த குழாய் வேண்டாம், உள்ளே அச்சு வைத்து நசுங்காமல் வளைக்கும் மாண்ட்ரல் வளைவே வேண்டும். முனைகளில் லேத்திலோ ரோலரிலோ ஒரு வளையமேடு எழுப்பச் சொல்லுங்கள். 63 மி.மீ. குழாயில் 1 பார் பூஸ்ட் வந்தாலே ஹோஸைக் கழற்றித் தள்ளும் விசை சுமார் 32 கிலோ. மேடு இல்லாத வழவழப்பான முனையில் எந்த கிளாம்பும் நிற்காது. சாதாரண ஸ்க்ரூ கிளாம்புக்குப் பதில், பட்டையைப் போல்ட்டால் இழுத்து இறுக்கும் டி-போல்ட் கிளாம்பை, மேட்டுக்கு உள்பக்கமாக வைத்து இறுக்குங்கள். ஹோஸ் 4 அடுக்கு சிலிக்கோன். டர்போவிலிருந்து வரும் பக்கத்தில் ஆயில் ஆவி இருப்பதால், உட்பூச்சு ஆயில் தாங்கும் ஃப்ளோரோசிலிக்கோனாக இல்லாவிட்டால் ஹோஸ் ஊறித் தளர்ந்துவிடும். இன்ஜின் குலுங்கும், பாடி குலுங்காது. இரண்டுக்கும் இடையே, நடுவில் புடைத்து வளைந்து கொடுக்கும் ஹோஸ் கட்டாயம்.

கோரைச் சேஸிஸில் இறுக்கமாகப் போல்ட் போடக் கூடாது. கரடுமுரடான பாதையில் சேஸிஸ் முறுக்கும்போது தொட்டியின் வெல்டிங் பிளக்கும். கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று ரப்பர் புஷ் தாங்கிகள் போதும். கடலோரத்தில் ஈ.சி.ஆர்., எண்ணூர் பக்கம் வசிப்பவர்கள் இரும்புத் தாங்கி அலுமினியத்தை நேராகத் தொடாமல் ரப்பர் உறை போடுங்கள். உப்புக்காற்றில் தொடும் இடத்தில் வெள்ளைத் தூள் பூத்து அரிக்கும்.

கணினிக் கட்டுப்பாட்டில் டீசல் செலுத்தும் காமன் ரெயில் இன்ஜினில் பூஸ்ட், வெப்பநிலை சென்சார்கள் தொழிற்சாலை வைத்த இடத்திலேயே, இண்டர்கூலருக்குப் பின்னால், இருக்க வேண்டும். கசிவு இருந்தால், இன்ஜின் கணினியான ஈ.சி.யூ. கேட்ட பூஸ்டைக் கொடுக்க டர்போ அளவுக்கு மீறிச் சுற்றும். கரும்புகை வரும், பி.எஸ்.6 மாசு விதிக்கு உட்பட்ட வண்டியில் புகைக்கரி வடிகட்டியான டி.பி.எஃப். அடைபடும். வேலை முடிந்ததும் கோரின் இருபுறமும் பூஸ்ட் மீட்டர் வைத்து முழுச் சுமையில் ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் 0.1 பாருக்குள் இருந்தால் நல்லது, 0.15-ஐத் தாண்டினால் கோரோ குழாயோ நெருக்குகிறது. அளந்த எண்களைப் பில்லிலேயே எழுதித் தரும்படி அம்பத்தூர், கிண்டி பட்டறைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

பம்பருக்குப் பின்னுள்ள இரும்புக் குறுக்குச் சட்டத்தை இடத்துக்காக வெட்டவே வெட்டாதீர்கள். மோதலைத் தாங்குவது அதுதான். அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. உத்தரவாதம் உள்ள வண்டியில் கை வைக்கும் முன் கம்பெனியிடமும் இன்ஷூரன்ஸிடமும் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

முதல் 500 கி.மீ. ஓடியதும் எல்லா கிளாம்பையும் குளிர்ந்த இன்ஜினில் மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கீழ் ஹோஸைக் கழற்றித் தேங்கிய ஆயிலை வடியுங்கள். ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வந்தால் டர்போ சீலையும், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாயையும் பார்க்க வேண்டும். வெளிப்புற ஃபின்களைப் பிரஷர் வாஷரில் அடிக்காமல், பின்பக்கமிருந்து தோட்டக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் போதும்.

இப்படிக்கு,
டீசல் இன்ஜின் பட்டறைத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
பாடி, சென்னை.