தோத்துப்போன மசோதாக்களுக்கும் பத்திரிகையில கொஞ்சம் இடம் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சட்டசபை கூட்டத்தொடர் முடிஞ்ச மறுநாள் எல்லா பேப்பர்லயும் ஒரு செய்தி தவறாம வரும், இந்தத் தடவை இத்தனை மசோதா நிறைவேறுச்சுன்னு. உங்க பத்திரிகையிலயும் வருது, படிக்கிறேன். ஆனா நிறைவேறாம போனது என்னென்ன, கொண்டுவந்துட்டு வாபஸ் வாங்குனது எது, கமிட்டிக்கு அனுப்பி அங்கேயே கெடக்குறது எதுன்னு யாருமே எழுதுறதில்ல. அதை எழுதச் சொல்லிக் கேக்கத்தான் இந்தக் கடிதம்.

தோத்துப்போனதை எதுக்கு எழுதணும்னு சிலபேர் கேப்பாங்க. அவங்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கதையை எடுத்துப் பாக்கணும். 1929ல தேவதாசிகளுக்கு விட்டிருந்த இனாம் நிலத்தை கோயில் ஊழியத்துல இருந்து விடுவிக்கிற சட்டத் திருத்தம் அவங்க முயற்சியில சென்னை மாகாண மேலவையில நிறைவேறுச்சு, அதோட நிறுத்தாம 1930ல பொண்ணுங்களை கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுறதையே தடுக்குற மசோதாவையும் கொண்டுவந்தாங்க. அது சட்டமாகல. அதே வருஷம் காந்தியைக் கைது பண்ணதைக் கண்டிச்சு அவங்க மேலவை பதவியையே ராஜினாமா பண்ணிட்டாங்க, மசோதாவும் அப்படியே நின்னுபோச்சு. கடைசியா அந்தச் சட்டம் வந்தது 1947ல, ஓமந்தூரார் ஆட்சியில. நடுவுல பதினேழு வருஷம். அந்தப் பதினேழு வருஷத்துல எத்தனை சின்னப் பொண்ணுங்களுக்குப் பொட்டுக்கட்டியிருப்பாங்கன்னு நெனச்சாலே மனசு பதறுது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் மாதிரி ஆளுங்க ஊர் ஊராப் போய்ப் பேசி அந்தக் கோரிக்கையை உயிரோட வச்சிருந்ததாலதான் அது திரும்ப வந்துச்சு. இல்லேன்னா 1930 மசோதா யாருக்கு ஞாபகம் இருந்திருக்கும்?

தாழ்த்தப்பட்டவங்களை கோயிலுக்குள்ள விடணும்னு எம்.சி.ராஜா கொண்டுவந்த ஆலயப் பிரவேச மசோதாவும் இப்படித்தான். 1936ல திருவிதாங்கூர்ல மகாராஜாவே பிரகடனம் போட்டு கோயிலைத் தொறந்துவிட்டாச்சு, அதே மாதிரி சென்னை மாகாணம் முழுசுக்கும் வேணும்னு 1938ல இவர் சட்டசபைக்கு வர்றார். அப்ப மாகாணப் பிரதமரா (இப்ப முதல்வர் மாதிரி) இருந்த ராஜாஜி ஆலயப் பிரவேசத்துக்கு எதிரானவர் இல்ல, இருந்தாலும் மசோதாவை வாபஸ் வாங்கிக்கச் சொல்றார், அரசாங்கம் மலபாருக்கு மட்டும் தனியா ஒரு மசோதா கொண்டுவருது. எம்.சி.ராஜா வாபஸ் வாங்க மாட்டேன்னுட்டார், அவர் மசோதா தோத்துப்போச்சு. அடுத்த வருஷமே, 1939 ஜூலை 8ஆம் தேதி, மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட ஆட்களைக் கூட்டிக்கிட்டுப் போனாரு, அதுக்கப்புறம் அவசர அவசரமா சட்டம் வந்துச்சு, மாகாணம் முழுசுக்குமான சட்டம் 1947லதான். மதுரைக் கோயில் பிரவேசத்தை வருஷா வருஷம் எழுதுறோம், எழுதவேண்டியதுதான், ஆனா அதுக்கு முந்தின வருஷம் சட்டசபையில தோத்த மசோதாவை யாரும் சொல்றதில்ல. அதையும் சேத்துச் சொன்னாத்தான் அந்தச் சட்டம் தானா வரலைங்கிறது இப்ப உள்ள பசங்களுக்குப் புரியும்.

இப்ப மாநில சட்டசபைகள்ல ஓட்டெடுப்பு நடந்து அரசு மசோதா தோக்குறது ரொம்ப அபூர்வம். 1985ல கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தப்புறம் கொறடா சொன்னபடி ஓட்டுப் போடலேன்னா பதவியே போயிடும், அப்புறம் எங்க எதிர்த்துப் போடுறது. அமைச்சரா இல்லாத உறுப்பினர் கொண்டுவர்ற தனிநபர் மசோதா நிலைமை இன்னும் மோசம், நாடாளுமன்றத்துலயே சுதந்திரத்துக்கு அப்புறம் இதுவரைக்கும் 14 தான் சட்டமாயிருக்கு, கடைசியா ஆனது 1970ல. திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதா 2015 ஏப்ரல்ல மாநிலங்களவையில நிறைவேறுனப்ப அவ்வளவு சந்தோஷப்பட்டோம், அது மக்களவையைத் தாண்டவே இல்ல.

மேலவை இருக்குற ஆறு மாநிலத்துல மட்டும் எப்பவாவது ஒரு முட்டுக்கட்டை வரும். கர்நாடகாவுல 2024 பிப்ரவரியில அறநிலையத்துறை திருத்த மசோதா மேலவையில தோத்துச்சு, ஒரு வாரத்துக்குள்ள மறுபடி கொண்டுவந்து நிறைவேத்திட்டாங்க. அரசியல் சாசனம் 197வது பிரிவுப்படி மேலவையால முதல்ல மூணு மாசம், ரெண்டாவது தடவை ஒரு மாசம் இழுத்தடிக்கத்தான் முடியும், நிரந்தரமாத் தடுக்க முடியாது. ஆந்திராவுல 2020 ஜனவரியில மூணு தலைநகர் மசோதாவை மேலவை தேர்வுக்குழுவுக்கு அனுப்பிருச்சுன்னு மேலவையையே கலைக்கச் சொல்லி சட்டசபையில தீர்மானம் போட்டாங்க. அப்புறம் 2021 நவம்பர்ல அந்தத் தீர்மானத்தையும் திரும்ப எடுத்துக்கிட்டாங்க, மூணு தலைநகர் சட்டத்தையும் ரத்து பண்ணிட்டாங்க. நம்ம ஊர்ல 1986லயே மேலவை போயிருச்சு, அதனால இந்த ரெண்டாவது பார்வையும் கிடையாது.

அப்ப மசோதாக்கள் எப்படித்தான் சாகுதுன்னா சத்தமில்லாமத்தான் சாகுது. அறிமுகம் பண்ணுவாங்க, அடுத்த கட்டத்துக்கு எடுத்துக்க மாட்டாங்க, தேர்வுக்குழுவுக்குப் போகும், அறிக்கை வராது. 196வது பிரிவுல கூட்டத்தொடர் முடிஞ்சா மசோதா காலாவதி ஆகாதுன்னு இருக்கு, ஆனா சட்டசபையைக் கலைச்சா அங்க நிலுவையில இருக்குறது எல்லாம் போயிரும். தேர்தல் வந்து சபை கலையுறப்ப நாம எல்லாரும் கூட்டணிக் கணக்கு பாத்துக்கிட்டு இருப்போம், அந்த நேரத்துல எந்தெந்த மசோதா செத்துச்சுன்னு ஒரு வரி வராது. எனக்கு இதுதான் ரொம்பக் கோவம் வர்ற விஷயம்.

நிறைவேறாம போறது எல்லாமே அநியாயம்னு நான் சொல்லல. 2023 ஏப்ரல் 21ஆம் தேதி தமிழ்நாட்டுல தொழிற்சாலைகள்ல 12 மணி நேர வேலைக்கு வழி விடுற திருத்த மசோதாவை குரல் வாக்கெடுப்புல நிறைவேத்துனாங்க, ஆளுங்கட்சியோட கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு பண்ணாங்க, தொழிற்சங்கங்கள் எல்லாம் சேந்து எதிர்த்ததும் மூணு நாள்ல நிறுத்தி வச்சாங்க, மே தினத்தன்னிக்கு முதல்வர் வாபஸ்னு அறிவிச்சார். அது ஒழிஞ்சதுல எனக்கு நிம்மதிதான். ஆனா எட்டு மணி நேர வேலைங்கிறது ரத்தம் சிந்தி வாங்குன உரிமை, அதை மாத்துற மசோதாவைப் பத்தி சட்டசபையில எவ்வளவு நேரம் விவாதம் நடந்துச்சு, யார் யார் என்ன பேசுனாங்கங்கிறதை வாபஸுக்கு அப்புறமும் விடாம எழுதியிருக்கணும். வேற பேர்ல திரும்ப வந்தா அப்ப எதை வச்சு அடையாளம் கண்டுபிடிக்கிறது?

நீட் விலக்கு விஷயத்துல என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். 2017 பிப்ரவரியில சட்டசபை ஒருமனதா நிறைவேத்துன ரெண்டு மசோதாவுக்கும் அந்த வருஷம் செப்டம்பர்லயே ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்காம போச்சு, ஆனா அது மக்களுக்குத் தெரிஞ்சது 2019 ஜூலையில, அதுவும் ஹைகோர்ட்ல மத்திய அரசு சொன்னப்புறம். ரெண்டு வருஷம் புள்ளைங்க, பெத்தவங்க எல்லாரும் இன்னும் நிலுவையில இருக்குன்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க. இது சட்டசபையைத் தாண்டி நின்னுபோன மசோதாதான், ஆனா இவ்வளவு பெரிய விஷயத்தையே மறைக்க முடிஞ்சதுன்னா சின்னச் சின்ன மசோதாக்கள் என்ன கதின்னு யோசிங்க.

மகாராஷ்டிராவுல மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டத்துக்காக நரேந்திர தபோல்கர் வருஷக்கணக்கா நடையா நடந்தாரு, மசோதா சட்டமாகாம இழுத்துக்கிட்டே கெடந்துச்சு. 2013 ஆகஸ்ட் 20ஆம் தேதி புனேயில அவரைச் சுட்டுக் கொன்னாங்க. சில நாள்லயே அவசரச் சட்டம் வந்துச்சு, டிசம்பர்ல முழுச் சட்டமும் ஆச்சு. ஒரு மனுஷன் உயிர் போனப்புறம் சில நாள்ல முடிஞ்ச வேலை அவர் இருந்தப்ப ஏன் முடியலைன்னு இன்னிக்கும் கேக்கத் தோணுது. ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் வேணுங்கிற கோரிக்கையும் இதே மாதிரிதான், சட்ட ஆணையம் 2012லயே 242வது அறிக்கையில மசோதா வரைவு எழுதிக் குடுத்துருச்சு, அதை நாடாளுமன்றம் சட்டமாக்கல, 2016ல சாதி மாறிக் கல்யாணம் பண்ண உடுமலை சங்கரை பட்டப்பகல்ல நடுரோட்ல வெட்டுனாங்க.

அதனால ஆசிரியர் கிட்ட நான் கேக்குறது பெரிசா ஒண்ணுமில்ல. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிஞ்சதும் நிறைவேறுன மசோதா பட்டியல் பக்கத்துலயே நிறைவேறாத பட்டியலும் போடுங்க, எது எந்தக் குழுவுல எத்தனை நாளா இருக்கு, எதை யார் வாபஸ் வாங்குனாங்க, என்ன காரணம் சொன்னாங்கன்னு. ஆளுநர் கிட்டயும் ஜனாதிபதி கிட்டயும் போனது எந்தத் தேதியில போச்சுங்கிறதும் அதுலயே வரட்டும். சட்டசபை கலையுற அன்னிக்கு காலாவதியான மசோதாக்களுக்கு ஒரு முழுப் பக்கம் குடுங்க, ஓட்டுக் கேட்டு வர்றவங்க கிட்ட அந்தப் பக்கத்தை நீட்டி இதை மறுபடி கொண்டுவருவீங்களான்னு கேப்போம். உங்க நிருபர்கள் சபை மாடத்துல உக்காந்து எல்லாத்தையும் பாக்குறாங்க, அவங்களால இது கண்டிப்பா முடியும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்